மஞ்சள் புள்ளி

தம்பி தன் கேமராவைத் துறைமுகச் சுவர் மேல் வைத்து, முழங்கை நீளத்துக்கு ஒரு லென்ஸை அதில் மாட்டிக்கொண்டிருந்தான்.

நான் பக்கத்தில் என் போனோடு நின்றேன். அதைப் பார்த்து அவன் ஒரு சிரிப்புச் சிரித்தான். கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். தூரத்தில் இருப்பதைப் போனில் எடுப்பவர்களைக் கண்டால் அவனுக்கு ஒரு இளக்காரம்.

அவன் சிரித்ததிலும் நியாயம் இருந்தது. என் வீட்டுக்காரருக்குக் கப்பலில் வேலை. நான்கு வருடமாக, அவர் கப்பல் கிளம்பும்போதெல்லாம் இந்தச் சுவரோரம் நின்று போனில்தான் படம் எடுக்கிறேன். இரண்டு விரலால் இழுத்து இழுத்துப் பெரிதாக்கினால் கப்பல் கட்டம் கட்டமாக உடையும். அவர் ஒரு புள்ளியாக நிற்பார்.

அந்தப் புள்ளியாவது அடையாளம் தெரியட்டும் என்று பளிச்சென்ற மஞ்சளில் அவருக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருந்தேன். தையல் கடை வைத்திருப்பதில் இது ஒரு வசதி.

கப்பல் வெளியேறும்போது அதைப் போட்டுக்கொண்டு மேல்தளத்தில் நின்று கையாட்டுவதாக மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். ஒரு முறைகூடத் தவறியதில்லை. கொஞ்ச நேரம் கழித்து, ஆட்டி ஆட்டிக் கையெல்லாம் வலிக்கிறது என்று செய்தியும் வரும்.

போன தடவை எடுத்த படத்தைப் பிரிண்ட் போட்டு, மகள் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துப்போகும் வரை எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

இரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பக்கத்தில் உட்காரும் பெண் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, இது அப்பா இல்லை, புள்ளி என்று சொல்லிவிட்டாள். வகுப்பே சிரித்திருக்கிறது.

அதிலிருந்து என் மகளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. நான் மிஷினில் உட்கார்ந்திருக்கும்போது வந்து நிற்பாள். அப்பா நிஜமாகவே அங்கே வந்து கையாட்டுகிறாரா என்று கேட்பாள். ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, மூன்று மாதமாக.

இந்த முறை அப்பாவின் முகம் தெரிந்தே ஆகவேண்டும். அதனால்தான் வீம்பை விட்டுத் தம்பியைக் கூப்பிட்டேன்.

கப்பல் மெதுவாக வந்தது. மேல்தளத்தில் மஞ்சள் தெரிந்தது.

மகள் சுவர் மேல் ஏறி நின்று கத்தினாள். ஒரு கையால் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் போனில் எடுத்தேன், பழக்கதோஷம். தம்பியின் கேமரா படபடவென்று பத்துத் தடவை அடித்தது.

பிறகு நின்றுவிட்டது. அவன் திரையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். மகளிடம், பேட்டரி தீர்ந்துபோச்சு, ஒரு படமும் விழவில்லை என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் பாக்கெட்டில் மூன்று பேட்டரி வைத்திருப்பவன் அவன்.

மகளின் உதடு துடிக்க ஆரம்பித்தது. அவசரமாக என் போனை நீட்டினேன். அதே உடைந்த கப்பல், அதே புள்ளி. அவள் மூக்கு திரையில் முட்டும் அளவுக்குக் குனிந்து பார்த்தாள். இழுத்துப் பெரிதாக்கினாள். புள்ளியிலிருந்து மெல்லிசாக இரண்டு கோடுகள் மேலே போயிருந்தன.

மற்ற புள்ளிகள் எல்லாம் சும்மா நிற்கின்றன, அப்பா மட்டும்தான் இரண்டு கையையும் தூக்கியிருக்கிறார் என்று அறிவித்தாள். நமக்கு இல்லாமல் வேறு யாருக்கு அப்படித் தூக்குவார் என்று என்னையே கேட்டாள். நாளைக்கு வகுப்பில் அந்தப் பெண் பார்க்கட்டும் என்று சொல்லிவிட்டுச் சுவரிலிருந்து குதித்து, கப்பல் போகும் பக்கமே கையை ஆட்டிக்கொண்டு ஓடினாள்.

அவள் தள்ளிப் போனதும் தம்பி கேமராவை என்னிடம் கொடுத்தான்.

படம் கண்ணாடி மாதிரி இருந்தது. பொத்தான்கூடத் தெரிந்தது. நான் தைத்த காலர், நான் தைத்த பை.

அதற்குள் இருந்த ஆளைத்தான் நான் பார்த்ததே இல்லை.

அறுபது வயதிருக்கும். வெள்ளைத் தாடி, தலையில் சமையல்காரர் தொப்பி. நடுவில் இரண்டு பொத்தான் போடவே முடியவில்லை, அந்த இடைவெளியில் தொப்பை எட்டிப் பார்த்தது. எங்களைப் பார்த்து, சொந்தப் பேத்தியைப் பார்த்த மாதிரி, வாயெல்லாம் பல்லாக இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. என் வீட்டுக்காரருக்கு வேலை இன்ஜின் அறையில். அடுப்பில் பாலை வைத்துவிட்டு நானே அங்கே இங்கே நகர மாட்டேன். கப்பலைக் கிளப்புகிற நேரத்தில் அவர் எப்படி மேலே வருவார்? நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்கு இது தோன்றவில்லை. மகள் கேட்டதும் முடியாது என்று சொல்ல மனம் வராமல் தலையாட்டியிருக்கிறார். அப்புறம், கை சும்மா இருக்கிற ஒருவரைப் பிடித்துச் சட்டையை மாட்டிவிட்டிருக்கிறார்.

கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. கை வலிக்கிறது என்று கூசாமல் புளுகும் அந்த மனுஷன் மேல் ஆசைதான் வந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தச் சட்டைக்குள் நுழைந்த பெரியவர் மேலும் வந்தது ஒரு பிரியம்.

மகள் மூச்சு வாங்கத் திரும்பி வந்துகொண்டிருந்தாள்.

"அழிச்சிடவாக்கா?" என்றான் தம்பி.

"இருடா," என்றேன். "அளவு எடுத்துக்கறேன்."