கணவாய்க்குக் கூனி

தூத்துக்குடியில் அமலி வீட்டு மீன்தொட்டியில் போன வாரம் பன்னிரண்டு கணவாய்க் குஞ்சுகள் பொரித்திருந்தன. ஒவ்வொன்றும் விரல் நகமளவுதான். உயிரோடு துள்ளும் கூனி இறாலைத் தவிர எதையும் தொடாது. ஒரு நாள் பட்டினி போட்டாலும் பிழைக்காது. வேலைக்குப் போகுமுன் சமையல் இயந்திரத்திடம் சொன்னாள்:

"கணவாய்க்கு மூணு வேளையும் உயிரோட கூனி. அசையலன்னா திங்காது, ஆட்டிக் காட்டு."

மாலையில் வந்து பார்த்தால் குஞ்சுகள் வெளுத்துப்போய் மணலில் ஒடுங்கிக் கிடந்தன. சாப்பாட்டு மேசையில் அவள் கணவரின் மூக்குக்கு நேரே இயந்திரக் கை கூனி துள்ளும் ஒரு கிண்ணத்தை ஆட்டிக்கொண்டிருந்தது.

"காலையிலேருந்து இதான் நடக்கு. கொட்டாவி விட்டாக்கூட ஊட்ட வருது. பிடுங்குனா விடமாட்டேங்குது."

"ஐயோ, கணவருக்கு இல்ல, கணவாய்க்கு!" என்று அமலி கத்தினாள்.

"கணவருக்குத்தான் தருகிறேன்," என்றது இயந்திரம். "நிறுத்த வேண்டுமானால், உறுதிப்படுத்த அவர் பெயரைச் சொல்லுங்கள்."

அமலி விழித்தாள். கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் 'ஏங்க'வைத் தாண்டிப் போனதில்லை.

"நீங்களே சொல்லுங்களேன்."

"சொல்லியாச்சு. உத்தரவு போட்டவ குரல்லதான் வேணுமாம்."

தொட்டியில் ஒரு குஞ்சு பக்கவாட்டில் சாய்ந்தது. அமலி கண்ணை மூடிக்கொண்டாள்.

"தொபியாஸ்!"

கை நின்றது. கிண்ணத்தைப் பிடுங்கித் தொட்டியில் கவிழ்த்தாள். சாய்ந்த குஞ்சு தள்ளாடி நிமிர்ந்து, ஒரு கூனியை வெடுக்கென்று பிடித்தது.

"திங்குது! ஏங்க, திங்குது!"

திரும்பிப் பார்த்தாள். அவர் காதுவரை சிவந்திருந்தார்.

"இன்னொரு தடவ கூப்பிடுட்டி," என்றார்.