எதிர்வீட்டுக் காப்பாளர்

பொள்ளாச்சி மருதாசலத்துக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது. அவர் மகள் தாரணிக்கு முப்பது வயதாகியும் பேச்சு வரவில்லை. அப்பா ஊட்டினால்தான் சாப்பிடுவாள். அவருக்குப் பிறகு அவளுக்கு யார்? வழக்கறிஞர் ரெஜினா ஒரு வழி சொன்னார். மருதாசலத்தின் குரலையும் கையசைவையும் பழகிக்கொண்ட ஓர் இயந்திரத்தை நீதிமன்றம் காப்பாளராக ஏற்கும். ஆனால் தாரணி அதனிடம் சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் அவளை அரசு விடுதிக்கு அனுப்பிவிடுவார்கள்.

அப்பா பக்கத்தில் இருந்தவரை அவள் இயந்திரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதனால் ரெஜினா அவரை எதிர்வீட்டு மாடியில் தங்கவைத்தார். தாரணி பட்டினி கிடந்து அலறினாள். அந்த அலறல் தெருவைத் தாண்டி வந்தது. "போதுங்கம்மா, நான் போறேன்" என்று படியிறங்க ஓடியவரைக் கையைப் பிடித்து நிறுத்தினார் ரெஜினா.

மறுநாள் அலறல் நின்றது. ரெஜினா மூச்சிரைக்க மாடியேறி வந்தார்.

"சாப்பிட்டுட்டாங்க சார்! கோர்ட்டு அனுப்பின அதிகாரியும் நேர்ல பார்த்து ஒத்துக்கிட்டார்."

மருதாசலம் செருப்பை மாட்டினார். "அப்ப ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடறேனுங்க."

ரெஜினா வாசலை மறித்து நின்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. "உங்களைப் பார்த்துட்டா மறுபடியும் அதுகிட்ட சாப்பிட மாட்டாங்க சார். இனிமே நீங்க அங்க போகவே கூடாது."

"நான் இன்னும் சாகலீங்களே."

ரெஜினா வாசலை விட்டு நகரவில்லை.

தெருவுக்கு அந்தப் பக்கம், அவருடைய வீட்டிலிருந்து மருதாசலத்தின் குரலே கேட்டது. "தங்கம், இன்னும் ஒரே ஒரு வாய்." தாரணி சிரித்தாள்.

அவள் கண்ணில் பட்டுவிடாதபடி, மருதாசலம் சன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்துகொண்டார்.