மீனம்மாவுக்கு வீரப்பட்டம்

மீனம்மா முழங்காலிட்டதும் டங்கன் வாளை உருவினார்.

துரையின் கல்லறையைச் சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ஆனால் யாரும் போய்விடவில்லை. மீனம்மாவுக்குப் பின்னால் வரிசை தேயிலைச் சரிவின் பாதிவரை நீண்டிருந்தது. கிழவிகள், கைக்குழந்தைக்காரிகள், பிள்ளைத்தாச்சிகள். இருமல் வந்தவர்கள்கூடச் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு ஒழுங்காக நின்றார்கள்.

பிரேமினிக்கு நம்பவே முடியவில்லை. கிளென்மோரா தோட்டத்துப் பழைய பங்களா இப்போது ஹோட்டல். அதில் விருந்தினரைக் கவனிக்கும் வேலை அவளுக்கு, இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்த விழா களைகட்டினால் நிரந்தரம், இல்லாவிட்டால் கொழும்பிலிருந்து வேறொருத்தி வருவாள் என்று மனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார்.

களைகட்டக் கூட்டம் வேண்டும். தோட்டத் தலைவர் வீரய்யாவிடம் அவள் ஆனமட்டும் விளக்கினாள். டெம்ப்ளர் என்று துறவி வீரர்கள் இருந்தார்கள். பிரான்ஸ் ராஜா அவர்களைப் பிடித்து எரித்தபோது, தப்பியவர்கள் புதையலோடு கப்பலேறி ஸ்கொட்லாந்துக்குப் போனார்கள். அங்கே ஒரு போரையே ஜெயித்துக் கொடுத்தார்கள். கப்பலை யாரும் பார்க்கவில்லை, புதையலையும் யாரும் பார்க்கவில்லை. அதனாலேயே கதை இன்னும் சாகவில்லை.

அந்த வீரர்களின் வாரிசு என்று சொல்லிக்கொண்டுதான் டங்கனும் நண்பர்களும் வந்திருந்தார்கள். இன்ஷூரன்ஸ், கார் விற்பனை என்று இருந்து ஓய்வு பெற்றவர்கள். இந்தத் தோட்டத்தைத் திறந்த துரை டங்கனின் கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பா. அவர் கல்லறையில் ஒரு வாள் செதுக்கியிருந்தது. அது போதாதா?

வீரய்யா கடைசிவரை கேட்டார். “ஞாயித்துக்கெழம தலவாக்கலை டவுனுக்குப் போற சனம், செத்துப்போன தொரையப் பாக்கவா வரும் மிஸ்?” என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

அதனால் காலையில் பிரேமினி பயந்துகொண்டேதான் வந்தாள். வீரர்கள் உடை மாற்ற இடம் கேட்டார்கள். பூட்டிக் கிடந்த தோட்டத்து டிஸ்பென்சரியைத் திறந்து, தூசி தட்டி, நாற்காலி போட்டுக் கொடுத்தாள். அவர்கள் வெள்ளை அங்கியும் நெஞ்சில் சிவப்புச் சிலுவையுமாகப் படியிறங்கியபோது, வாசலில் ஒரு சிறுமி தண்ணீர்க் குடத்தோடு நின்று பார்த்தாள். பிறகு குடத்தை வைத்துவிட்டு, தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கம் ஓடினாள்.

கொஞ்ச நேரத்தில் லயங்கள் காலியாகிவிட்டன.

டங்கனுக்குக் கண் கலங்கிவிட்டது. இந்த அங்கிக்கு இன்னும் சக்தி இருக்கிறது என்றார். வழிப்போக்கரைக் காப்பதுதான் தங்கள் சபையின் சத்தியம் என்றும், காயம் கட்டுவது மருந்து கொடுப்பதெல்லாம் வேறொரு சபையின் வேலை, தங்களுக்கு வாள் மட்டும்தான் என்றும் பெருமையாகச் சொன்னார். வந்திருக்கும் ஒவ்வொருவர் தோளிலும் வாள் வைத்து வீரப்பட்டம் கொடுக்காமல் போவதில்லை என்று முடிவெடுத்தார்.

முதலில் நின்றவள் மீனம்மா. மடியில் எதையோ முடிந்து வைத்திருந்தாள். காணிக்கையாக இருக்கும் என்று பிரேமினி நினைத்தாள்.

“பயப்படாதீங்க. மெதுவாத்தான் தொடுவாரு.”

“செய்யட்டும் புள்ள,” என்றாள் மீனம்மா. “நம்மளத் தொட்டுப் பாக்க ஒரு ஆளு வந்து எத்தன நாளாச்சு.”

பிரேமினியும் இப்படியொரு லயத்தில் பிறந்தவள்தான். பங்களாவில் அதை யாருக்கும் சொன்னதில்லை. டெம்ப்ளர் கதையில் ஒரு வரியைக்கூட நம்பாமல்தான் இந்த விழாவை நடத்திக்கொண்டிருந்தாள். ஆனால் எந்தத் துரையும் தொடாத தோளில் இன்றைக்கு ஒரு வாளாவது படுகிறதே என்று நினைத்ததும் அவளுக்கே தன் கதை கொஞ்சம் உண்மையாகப் பட்டது. பொய் சொல்கிறவர்களுக்குக் கிடைக்கும் சின்னச் சம்பளம் அது.

வாள் வலது தோளைத் தொட்டது. மீனம்மா கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து விட்டாள். இடது தோளைத் தொட்டது. மறுபடியும் இழுத்து விட்டாள். பிறகு யாரும் சொல்லாமலே திரும்பி முதுகைக் காட்டினாள்.

டங்கன் ஒரு கணம் தயங்கி, முதுகிலும் வாளை வைத்தார். இப்படியொரு பணிவைத் தன் நாட்டில் கண்டதில்லை என்று பிரேமினியின் காதருகே சொன்னார். ஒரு வீரர் மூக்கை உறிஞ்சினார். இன்னொருவர் படம் எடுத்தார். கூட்டத்துக்கு அப்பால் நின்ற மனேஜர் பிரேமினியைப் பார்த்துத் தலையசைத்தார். வேலை கிடைத்துவிட்டது என்று அவளுக்குத் தெரிந்தது.

“எழுந்திருங்க,” என்றாள் பிரேமினி. “பெரிய பட்டம் குடுத்திருக்காங்க. முடிஞ்சிருச்சு.”

மீனம்மா கல்லறையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். ஆனால் நகரவில்லை. மடி முடிச்சை அவிழ்த்தாள். காணிக்கையை வாங்க டங்கன் வாளை இடது கைக்கு மாற்றிக்கொண்டு வலது கையை நீட்டினார்.

கழுவிக் காயவைத்த ஒரு வெறும் போத்தல். அவள் அதை அவர் கையில் வைத்தாள். பின்னால் வரிசை முழுக்க மடி முடிச்சுகள் அவிழ்ந்தன.

“டாக்டரய்யாதான் முன்னாலயும் பின்னாலயும் வச்சுப் பாத்துட்டாருல்ல? மருந்த இதுல ஊத்தச் சொல்லு புள்ள.”