மாப்பிள்ளையிடம் சில கேள்விகள்

"ஊசியோ, புகையோ?"

சுதன் இன்னும் கதிரையில் சரியாக உட்காரக்கூட இல்லை. அதற்குள் ஆழ்வாப்பிள்ளை முதல் கேள்வியைப் போட்டுவிட்டார். பெண் கேட்டு வருகிறவனிடம் சாதகம் கேட்பார்கள், சம்பளம் கேட்பார்கள். மடத்துவெளி ஊரில் இப்படி ஒரு கேள்வியை எந்தப் பெண்ணின் தகப்பனும் கேட்டிருக்க மாட்டார்.

"முதல் புகை, ஐயா. கடைசி ஒரு வருசம் ஊசி."

பழைய போதைப் பழக்கத்தைப் பற்றி எதையும் மறைப்பதில்லை என்று தீர்மானித்துத்தான் வந்திருந்தான். கோசலாவும் அப்படித்தான் சொல்லியிருந்தாள். "எல்லாம் அப்பாவுக்குச் சொல்லிப்போட்டன். கேக்கிறதுக்கு நேரை மறுமொழி சொல்லுங்கோ. உருட்டுப் புரட்டு அவருக்குப் பிடிக்காது."

அவள் இப்போது வீட்டில் இல்லை. அவளையும் தாயையும் கோயிலுக்கு அனுப்பிவிட்டு, சுவிஸில் இருபது வருடம் உழைத்துக் கட்டிய வீட்டின் முன்னறையில் தனியாக இருந்தார் மனிதர். ஆற அமரத் திட்டுவதற்குத்தான் இந்த ஏற்பாடு என்று சுதன் நினைத்துக்கொண்டான்.

"தூளை விட்டு எவ்வளவு காலம்?"

"ரெண்டு வருசமும் நாலு மாசமும். இப்ப குறிகட்டுவானிலை வள்ளங்களுக்கு எஞ்சின் திருத்திறன். உழைப்பு பறவாயில்லை."

உழைப்பைப் பற்றி ஏதாவது கேட்பார் என்று பார்த்தான். அவர் அந்தப் பக்கமே போகவில்லை.

"ஈரல் வருத்தம் இருக்கெண்டு எப்பிடித் தெரிஞ்சது?"

"புனர்வாழ்வு நிலையத்திலை எல்லாருக்கும் இரத்தம் சோதிச்சவை. எனக்கு ஹெப்படைட்டிஸ் சி எண்டு வந்தது. ஈரலைப் பழுதாக்கிற கிருமி."

"அதுவரைக்கும் உடம்பிலை ஒண்டும் தெரியேல்லையோ?"

"கொஞ்சம் களைப்பு, அவ்வளவுதான். சில பேருக்கு இருபது முப்பது வருசமும் சத்தமில்லாமல் கிடக்குமாம்."

ஆழ்வாப்பிள்ளையின் முகம் கறுத்துப்போயிற்று. பக்கத்தில் இருந்த தண்ணீரை எடுத்து மடமடவென்று குடித்தார். சுதன் நாக்கைக் கடித்துக்கொண்டான். கேட்காததையும் சொல்லி, தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாயிற்று.

"மருந்து?"

"குளிசைதான், ஐயா. நாளுக்கு ஒண்டு. பன்னிரண்டு கிழமை, மூண்டு மாசம்."

"சத்தி கித்தி எடுக்கிறது? தலைமயிர் கொட்டுறது?"

"அப்பிடி ஒண்டுமில்லை. முதல் கிழமை கொஞ்சம் தலையிடி."

"கிளினிக்கிலை பேரைச் சத்தம்போட்டுக் கூப்பிடுவினமோ?"

மருமகனாக வரப்போகிறவனை அங்கே ஊர்ச்சனம் கண்டிருக்குமோ என்ற கவலை போலும்.

"நம்பர்தான் கூப்பிடுறவை."

"எப்பிடி வந்ததெண்டு கேப்பினமே?"

"ஒருக்காக் கேட்டவை. ஊசி எண்டு சொன்னன். நேர்ஸ் அக்கா அதை எழுதிப்போட்டு, காலமை சாப்பிட்டிட்டோ வந்தனீர் எண்டு கேட்டவ."

"ஏச்சு ஒண்டும் விழேல்லையோ?"

"இல்லை, ஐயா. எனக்குத்தான் அழுகை வந்தது."

ஆழ்வாப்பிள்ளை கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"கட்டின மனிசிக்குத் தொத்துமோ?"

சுதனுக்கு இப்போது விளங்கியது. இதைக் கேட்கத்தான் மனிதர் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்திருக்கிறார்.

"ஒரு கோப்பையிலை சாப்பிட்டாத் தொத்தாது, ஐயா. பக்கத்திலை படுத்தாலும் தொத்தாது. இரத்தத்தாலைதான் தொத்தும். ஒராள் சவரம் எடுத்த பிளேட்டை மற்ற ஆள் எடுக்கக் கூடாது. மனிசியையும் எதுக்கும் ஒருக்காச் சோதிக்கச் சொல்லுவினம். ஆனா எனக்கு இப்ப அந்தக் கிருமியே இல்லை. இந்தாங்கோ, றிப்போட்."

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்தத் தாளை வரிவரியாக வாசித்தார். முடித்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

"முழுசாய்ப் போட்டுதோ?"

"முழுசாய்ப் போட்டுது."

"திரும்பி வராதோ?"

"திரும்ப ஊசியிலை கை வைச்சா வரும். நான் வைக்க மாட்டன்."

"ஈரல் கொஞ்சம் பழுதாகியிருந்தாலும் குளிசை குடுப்பினமோ?"

அதோடு சுதனின் பொறுமை போய்விட்டது. எழுந்து நின்றான்.

"ஐயா, கோசலா எண்டா எனக்கு உயிர். அவவுக்காக இன்னும் நூறு கேள்வி கேட்டாலும் மறுமொழி சொல்லுவன். ஆனா தர விருப்பமில்லை எண்டா இப்பவே சொல்லிப்போடுங்கோ. கரைச்சல் தராமல் போறன்."

ஆழ்வாப்பிள்ளை திகைத்துப்போய் அவனைப் பார்த்தார்.

"ஆர் விருப்பமில்லை எண்டது? பிள்ளை வந்து எல்லாத்தையும் சொன்ன அண்டைக்கே நான் மனதுக்கை ஓம் எண்டிட்டன். தை பிறக்கட்டும், நாள் வைப்பம். நீர் இரும்."

சுதனுக்கு நம்ப முடியாத சந்தோசம். கதிரையில் அப்படியே இருந்துவிட்டான்.

"பின்னை ஏன் ஐயா இவ்வளவும் கேட்டனீங்கள்?"

அவர் வாசல் படலைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு சேட்டுப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்து அவன் கையில் வைத்தார். அதுவும் ஓர் இரத்தப் பரிசோதனை றிப்போட்தான். மேலே ஆழ்வாப்பிள்ளை, வயது ஐம்பத்தொன்பது என்றும், கீழே ஹெப்படைட்டிஸ் சி என்றும் இருந்தது.

"போன மாசம் கண் ஒப்பரேசனுக்கெண்டு இரத்தம் சோதிச்சவை, தம்பி. சுவிசுக்குப் போன புதிசிலை நானும் ஊசி போட்டுத் திரிஞ்சனான், மனிசிக்குக்கூடத் தெரியாது," என்றார் ஆழ்வாப்பிள்ளை. "புதன்கிழமை என்னோடை கிளினிக்குக்கு வருவீரோ? தனியப் போகப் பயமாக் கிடக்கு."