பொம்மலாட்டம் முடியும் முன்

பொம்மலாட்டம் பதினோரு மணிக்கு. பெர்மெத் பத்தே காலுக்கே தலைவாரி, நல்ல முக்காட்டைக் கட்டிக்கொண்டு தயாராக நின்றாள்.

நூலகம் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறது.

"எல்தாரைக் கூட்டிட்டுப் போயிட்டு வந்துடறேன், அத்தை."

மாமியார் சைரகுல் தலையை மட்டும் ஆட்டினாள்.

போன சனிக்கிழமை பேரன் எல்தார் ரொட்டியை மென்றுகொண்டே ஒன்று சொல்லியிருந்தான். பொம்மை ஆடும்போது அம்மா பக்கத்தில் இருப்பதில்லையாம். மாடிக்குப் போய்விடுகிறாளாம்.

மாடியில் என்ன?

மகன் மிர்லான் ருஷ்யாவுக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது. முன்பெல்லாம் சைரகுலிடமும் பேசுவான். பனி உருகியதிலிருந்து மருமகளோடு மட்டும்தான். அதுவும் சைரகுல் பால் கறக்கப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. "உங்க பிள்ளை பேசினாரு அத்தை, உங்க முட்டுவலி எப்படி இருக்குன்னு கேட்டாரு." வாரா வாரம் இதேதான். அவன் குரலை இவளே மடியில் முடிந்துகொள்கிறாள்.

கோடையிலிருந்து ஊரார் துணிகளை வேறு வாங்கிவந்து தைக்கிறாள். கைச்செலவுக்காம். மகன் அனுப்புவதில் இவளுக்கு என்ன குறைந்துவிட்டது?

இத்தனைக்கும் பழைய ஒழுங்கு தெரிந்தவள். வந்து ஏழு வருடம். கணவன் பெயர் ஒருமுறைகூட வாய் தவறி வந்ததில்லை. 'உங்க பிள்ளை' என்பாள், இல்லாவிட்டால் 'எல்தாரோட அப்பா'. இந்தக் காலத்தில் இந்த நரின் ஊரில் எந்த வீட்டு மருமகள் அப்படி இருக்கிறாள்? தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள்தான் சைரகுல்.

நேற்று அடுத்த வீட்டு குல்சாரா வேலிக்கு மேல் எட்டிச் சிரித்தாள்.

"உன் மருமக பெரிய படிப்பாளி ஆயிட்டாளாமே. கதவைச் சாத்திக்கிட்டுல்ல படிக்கிறா!"

"உன் மருமக படிக்கணும்னா முதல்ல விடிஞ்சதும் எந்திரிக்கணுமே, குல்சாரா."

திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆனால் வீட்டுக்குள் வந்தபின் தேநீர் இறங்கவில்லை.

இன்று கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும். அடுத்த முறை மகன் கூப்பிடும்போது போனைப் பிடுங்கி அவனிடமே சொல்லிவிட வேண்டும். விட்டால் ஒருநாள் இவள் பேரனையும் இழுத்துக்கொண்டு போய்விடுவாள். வீட்டில் மாடும் சைரகுலும்தான் மிஞ்சுவார்கள்.

நூலக வாசலில் வருவோரின் மேலங்கிகளை வாங்கி மாட்டிவைக்கும் பெண், சற்று நேரம் விட்டுப் பின்னாலேயே வந்த சைரகுலை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூட்டுப் பயிற்சிக்கா அக்கா? அது புதன்கிழமை. கம்பளம் பின்னுறது அடுத்த வாரம். இன்னைக்குக் கீழ பொம்மலாட்டம், அந்தக் கோடியில பசங்களுக்குச் சதுரங்கம். மாடியில பெரியவங்களுக்கு ருஷ்ய மொழி."

"அதுக்கெல்லாம் ஆள் வருதா?"

"ஒரே ஒரு பொண்ணு. வாத்தியாருக்கும் பொழுது போகணுமே!" கண்ணைச் சிமிட்டினாள்.

சைரகுல் சிரிக்கவில்லை.

"நான் பொம்மலாட்டம் பாக்க வந்தேன்."

"போங்க, போங்க. எல்லா வயசுக்கும்னுதான் போட்டிருக்கோம்."

கூடத்தில் திரைக்கு மேல் நரி குதித்துக்கொண்டிருந்தது. முதல் வரிசையில் எல்தார் வாயைப் பிளந்து சிரித்தான். பக்கத்து நாற்காலியில் அவனுடைய கம்பளிச் சட்டை மட்டும் கிடந்தது.

அவள் மாடிப்படியில் கால் வைத்தாள். முட்டு ஒவ்வொரு படிக்கும் முனகியது.

ருஷ்ய மொழி எதற்கு? மிர்லானோடு பேசத் தாய்மொழி கிர்கிஸ் போதும். படிக்கத்தான் ஆசை என்றால் வீட்டிலேயே ஒருத்தி இருக்கிறாளே. தபால் நிலையத்தில் ட்ரங்கால் இணைப்புக் கொடுத்து ஓய்வு பெற்றவள் சைரகுல். மாஸ்கோ ஆபரேட்டரோடு ருஷ்ய மொழியில் மல்லுக்கட்டியவள். கேட்டிருந்தால் அடுப்படியிலேயே சொல்லிக்கொடுத்திருப்பாள்.

கேட்கவில்லை. அப்படியென்றால் விஷயம் மொழி இல்லை.

மூன்றாவது கதவு மட்டும் சாத்தியிருந்தது.

ஒட்டுக்கேட்பது அவளுக்குப் புதிதல்ல. ஒரு காலத்தில் இந்த ஊர்க் குடும்பங்களின் பாதி ரகசியம் அவள் காது வழியாகத்தான் போயிற்று. மூச்சை அடக்கிக் கதவில் காதை வைத்தாள்.

உள்ளே ஓர் ஆண் குரல். ருஷ்ய மொழி. இதமான குரல்.

"அவருக்கு நீங்கள் யார்?"

"மனைவி." பெர்மெத்.

"குரல் நடுங்கக் கூடாது. நடுங்கினால் அவர்கள் போனை வைத்துவிடுவார்கள். முதலிலிருந்து சொல்லுங்கள். பெயரையும் சொல்ல வேண்டும், பெர்மெத். பெயர் இல்லாமல் முடியாது."

சைரகுல் கைப்பிடியைப் பற்றினாள். திறந்துவிட்டால் போதும்.

கீழே பிள்ளைகள் நரியைப் பார்த்துக் கத்தினார்கள்.

பிறகு மருமகளின் குரல், எழுத்துக் கூட்டிப் படிப்பதுபோல், ஒவ்வொரு சொல்லாக வந்தது.

"வணக்கம். மருத்துவமனைதானே? நான் என் கணவரைத் தேடுகிறேன். பெயர் மிர்லான். வயது முப்பத்தொன்று. இடது புருவத்தில் தழும்பு இருக்கும். மார்ச் மாதத்திலிருந்து அவரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அப்படி யாராவது உங்களிடம் வந்தாரா?"