காயாத பெயிண்ட்

"இன்னிக்காவது கையெழுத்துப் போட்டுடுங்க முதலாளி. இல்லன்னா நாளைக்கு நான் பையை ஆபீஸ்ல ஒப்படைச்சிட்டு வீட்டுல உட்கார வேண்டியதுதான்."

சொன்னவர், விடுதிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் பெரிய பெரிய வெந்நீர் டாங்க் விற்கிற கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. கேட்டுக்கொண்டிருந்தவர், நாற்பது அறை லாட்ஜின் முதலாளி. பிரதிநிதிக்கு 'வெந்நீர்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பெற்றவர்கள் வைத்ததைவிடப் பொருத்தமாக இருந்ததால் லாட்ஜில் எல்லோரும் அப்படியே கூப்பிட்டார்கள்.

வெந்நீர் ஆறு வருடமாக மாதம் ஒருமுறை வருகிறார். மற்ற இடங்களில் வாசல் காவலாளியோடு பேச்சு முடிந்துவிடும். இங்கேதான் நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, மின்விசிறியையும் அவர் பக்கம் திருப்பி வைப்பார்கள். இவ்வளவு மரியாதை செய்கிற மனுஷன் ஆர்டர் தராமலா போய்விடுவார் என்று நம்பினார்.

அவரும் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார். மலைமேல் ஒரு ஓட்டலில் தங்கள் கம்பெனி டாங்க் மாட்டியதும், குளிக்கப் போன ஒருவர் வெளியே வர மனமில்லாமல் சாப்பாட்டைக் குளியலறைக்கே வரவழைத்தாராம். மூன்றாம் நாள், துண்டு நனைந்துவிட்டது என்றுதான் கதவைத் திறந்தாராம். முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார். மனைவி இறந்தபிறகு அவர் அறையில் சிரிப்புச் சத்தம் கேட்பது மாதத்தில் அந்த ஒரு நாள்தான்.

சிரித்து முடித்ததும், தன் லாட்ஜுக்கு வருகிறவர்கள் குளிக்கிற ரகமே இல்லை என்பார். சரி, டாங்க் வைக்க மொட்டை மாடியையாவது அளந்துவிட்டுப் போகிறேன் என்றால், அதுவும் தட்டிப்போகும். ஒரு மாதம் மாடியில் குளவிக் கூடு. ஒரு மாதம் சாவி தொலைந்துவிட்டது. அப்புறம் பெயிண்ட் அடித்திருக்கிறோம், காயவில்லை என்றார்கள். அந்தப் பெயிண்ட் ஒன்றரை வருடம் காயவில்லை.

"உங்க மேனேஜர் அப்படி என்னதான் சொன்னாரு?" என்று கேட்டார் முதலாளி.

"வீடுகளுக்குச் சின்னச் சின்னதாத்தான் வித்திருக்கே, உன் பேச்சைக் கேட்டுப் பெரிய டாங்க் ஒண்ணாவது போயிருக்கான்னு கேட்டாரு. நியாயம்தானே? எனக்கே இப்பல்லாம் நம்ம பேச்சுல ஒண்ணுமில்லைன்னு தோணுது. அம்பது வயசுக்கு மேல யாரு முதலாளி கூப்பிட்டு வேலை குடுப்பா?"

முதலாளி வெகுநேரம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

"குடுங்க. எங்க போடணும்?"

கையெழுத்தானதும் வெந்நீர் காகிதத்தை ஊதி ஊதிக் காயவைத்தார். மாடியை ஒரு படம் எடுத்துச் சேர்த்து அனுப்பினால்தான் ஆபீசில் ஆர்டரை ஏற்பார்கள், ஒரே நிமிடம் என்று எழுந்தார்.

"படமெல்லாம் எதுக்கு வெந்நீர்? நான்தான் போட்டுக் குடுத்துட்டேனே. உட்காருங்க."

அதற்குள் வெந்நீர் பாதிப் படி ஏறிவிட்டார். மாடிக் கதவில் பூட்டே இல்லை.

முதலாளி மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தபோது, வெந்நீர் அசையாமல் நின்றிருந்தார். எதிரே, ஒரு வாளி வைக்கக்கூட இடம் விடாமல், வெயிலில் நிறம் மங்கிய ஒரு பெரிய டாங்க். அதன் வயிற்றில் எழுதியிருந்தது அவருடைய கம்பெனியின் பெயர்.

"முதல் நாள் நீங்க பேசின பேச்சுலயே விழுந்துட்டேன்," என்றார் முதலாளி, தரையைப் பார்த்துக்கொண்டு. "மறுவாரமே டவுன் கடைக்குப் போய் வாங்கி மாட்டிட்டேன். உங்ககிட்டயே வாங்கியிருந்தா, அதுக்கப்புறம் நீங்க எதுக்கு இங்க வரப்போறீங்க?"