இருபது வருடச் சாம்பிள்

“சார் ரெண்டு நாளா வாயே திறக்கலைண்ணே. எதைக் கேட்டாலும் முறைப்புதான்.”

“கோபந்தாம்மா” என்றார் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் ஆபரேட்டர். “நேத்து என் அலமாரி, டிராயர் எல்லாத்தையும் குடைஞ்சார். குத்தம் கண்டுபிடிக்கணும்னு இறங்கிட்டா குப்பைக் கூடையைக்கூட விடமாட்டார் மனுஷன்.”

ஆராய்ச்சி மாணவி கடிகாரத்தைப் பார்த்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். வழிகாட்டியான சாரின் கையெழுத்து விழாவிட்டால் ஐந்து வருட உழைப்பு அம்போ.

அவள் எடுத்துக்கொண்ட பொருள் அக்ரிலிக் பிளாஸ்டிக். உள்ளே மூலக்கூறுகளுக்கு எந்த ஒழுங்கும் கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். நாள்பட்டு அடிபட்டால் அதற்குள்ளும் ஓர் அமைப்பு தெரியும் என்பது அவள் கட்சி. இதுவரை திரையில் தெரிந்ததெல்லாம் வெறும் கஞ்சி.

“இன்னிக்கு மணி மணியா தெரியுதுண்ணே!”

“துள்ளாதே. போகஸ் தப்பினா எல்லாமே மணி மணியாத்தான் தெரியும்.” ஆபரேட்டர் குமிழைத் திருகினார். மணிகள் கலையவில்லை. “அட, நெசந்தான்!”

அப்போது சார் உள்ளே வந்தார். உதடு இறுகியிருந்தது. திரையைப் பார்த்தார். கண் விரிந்தது. ஒரு தாளை இழுத்து, ‘அற்புதம்! எத்தனை வருடப் பழசு?’ என்று எழுதினார்.

“இருபது வருஷமாவது இருக்கும் சார். சூடு, குளிர், அழுத்தம், ஈரம்னு தினமும் பட்டிருக்கு. ரம்பத்தால எட்டுத் துண்டாக்கி, அதுல ஒண்ணைத் தலைமுடியில ஆயிரத்துல ஒரு பங்கு மெல்லிசா சீவினோம்.”

சாரின் பேனா ஆய்வேட்டில் கையெழுத்திடும் இடத்துக்குப் போனது. நின்றது. திரும்பித் தாளுக்கே வந்தது.

‘எங்கே கிடைத்தது?’

அவள் நெகிழ்ந்துபோனாள். “தெரியாத மாதிரி கேக்கறீங்களே சார்! பழைய அக்ரிலிக் ஒண்ணு தேடித் தரேன்னு நீங்கதானே சொன்னீங்க? சொன்னபடியே உங்க ரூம் வாஷ்பேசின் மேல, தம்ளர் தண்ணியில ஊறப்போட்டு வெச்சிருந்தீங்க. முந்தாநேத்து மத்தியானம் நீங்க கண்ணசந்திருந்தீங்க, எழுப்ப வேணாம்னு நானே எடுத்துக்கிட்டேன். எந்தக் கிழவரோடதோ, அந்தப் பல் செட்டு!”

இரண்டு நாளில் முதன்முறையாக சார் வாயைத் திறந்தார். உள்ளே ஒரு பல்கூட இல்லை.